நடுங்கியது அவர் கையல்ல

அன்புள்ள தம்பிக்கு,

நான் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள், உங்களைவிட நாலு வயதுதான் பெரியவள், உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குக் கூச்சம்தான். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள். இங்கேயும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் அப்பா சலூனில் சவரக்கத்தியைத் தொடுவதில்லை. மெஷின் கட்டிங் மட்டும்தான், சவரம் என்றால் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுகிறார். வழக்கமாக வரும் பஸ் டிரைவர், என்னண்ணே என் கழுத்து கசந்துபோச்சா என்று கேலி செய்தார், இவர் சிரிக்கக்கூட இல்லை. கை நடுங்குகிறதாம். அவர் ரிமோட்டில் பறக்கவிடும் அந்தச் சின்ன விமானம் விழுந்த நாளிலிருந்து இதே பேச்சு.

நீங்கள் அனுப்பிய பேட்டரிதான் காரணம் தம்பி. விமானத்துக்குள் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், வாலையும் இறக்கையையும் அசைக்கும் சர்வோ என்ற குட்டி மோட்டார்களுக்கும் அவர் வருஷக்கணக்காக நாலு செல் நிக்கல் பேட்டரிதான் போட்டார். செங்கல்லக் கட்டிப் பறக்க விடுறீங்களேப்பா என்று சிரித்து, எடை குறைவு என்று லித்தியம் அனுப்பினீர்கள். நடுவில் வோல்டேஜைக் குறைக்க ரெகுலேட்டர் வேண்டாமா என்று அவர் போனில் கேட்டார், பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. அதெல்லாம் எதுக்குப்பா, நேரா சொருகுங்க என்றீர்கள். சொருகினார். மேலே போனதும் வால் துடித்தது, அவரோ ரிமோட்டின் குச்சியைப் பிடித்த கட்டைவிரலைப் பார்த்து, என் கைதான் உதறுது என்றார். அதற்குள் விமானம் மூக்கு குத்தி மைதானத்து வேலிமேல் விழுந்துவிட்டது.

உடைந்ததைப் பொறுக்கியவள் நான். வால் சர்வோ கருகி நாறியது. அதன்மேல் ஆறு வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறது, உங்கள் பேட்டரி மீட்டரில் எட்டைத் தாண்டியது. படம் எடுத்து அனுப்பினேன், பார்த்தீர்கள். பார்த்த பிறகும், வயசாகுதுல்ல, விடுங்கப்பா என்று அவரிடம் சொல்ல எப்படி மனசு வந்தது? ததும்பத் ததும்ப டீயை ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்து வருகிறார், அந்தக் கையா நடுங்குகிறது? நானும் சொல்லிப் பார்த்தேன். நீ படிச்சது சரித்திரம், அவன் படிச்சது கரண்டு, பேசாம இரு என்கிறார். என் பிறந்த வீட்டில் முதல் பட்டம் என்னுடையது, அது இந்த வீட்டில் ஒரு சர்வோவுக்குச் சமமில்லை.

புது சர்வோவும் பழைய மாதிரியே நாலு செல் நிக்கல் பேட்டரியும் வாங்கி வைத்துவிட்டேன். பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்கிறார்.

அங்கே குளிராம், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். கோபத்தில் எழுதினாலும் நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதுவரை என்னை நீங்கள் எப்படியும் கூப்பிட்டதில்லை, அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியதும் அவரைக் கூப்பிடுங்கள். தப்பு என்னோடதுப்பா, உங்க கையில ஒண்ணுமில்ல என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சித்தி