புரட்டாசி மடவை

1974 ஆகஸ்ட் 11, ஞாயிறு

பொன்னானி முகத்துவாரத்தில் கபிரியேலண்ணன் வலைவீசிப் பிடித்துக் கொடுத்த ஆறு மடவை மீன். ஆறுக்கும் குடல் நிறையச் சேறு, பாசி, பொடிமணல். என்ன தீனி! மழை வெள்ளம் கொண்டுவந்து கொட்டுவதையெல்லாம் மேய்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வரும் இந்த மீன் எந்த மாதத்தில் எதைத் தின்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கல்லூரி லேபை இடித்துக் கட்டுவதால் இரண்டு வருடமாக மைக்ராஸ்கோப் என்னோடு வீட்டில். கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டு, சமையலறைக்குப் பக்கத்தில் மீன்குடலைப் பிரித்துப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

என் கைடு அன்னமேரி டீச்சர் போன வருட முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிவரை ஒரு மீன்கூட இல்லையே, ஏன்?

புரட்டாசி, டீச்சர்! எங்கள் வீட்டில் கவுச்சி நுழையாத மாதம். யோசிக்காமலேயே விட்டிருக்கிறேன். எப்படிச் சொல்வது? அந்த மாதம் இல்லாமல் தீசிஸை வாங்கமாட்டாராம்.

செப்டம்பர் 15

அத்தையிடம் கேட்டேவிட்டேன்.

"ஏங்கண்ணு, பெருமாள் மாசத்துல ஊட்டுக்குள்ள மீனறுப்பியா? நான் இருக்கறவரைக்கும் நடக்காது."

என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல ஆள்! அம்மா முன்னால் வாயில் கொழுக்கட்டை.

போச்சு. ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. எனக்கு மட்டும் பெருமாள்மேல பக்தியில்லையா? நான் திங்கவா கேட்டேன்?

செப்டம்பர் 16

காலையில் அத்தை மாட்டுக் கட்டுத்தறி கூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

"தோட்டத்து மோட்டார் ரூம் ஊடாகுமா அம்மிணி?"

"ஆகாதுங்க அத்தை."

"அப்புறமென்ன? வேலை முடிஞ்சா அங்கயே தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வா."

கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சாணிக்கையாக இருந்ததால் தப்பித்தார்.

செப்டம்பர் 29

மோட்டார் ரூமில் பெஞ்சு போட்டுக் கொடுத்தது வீட்டுக்காரர்தான். எட்டு மீன் அறுத்தேன். எட்டுக்கும் குடல் காலி. ஐயோ, செரிப்பதை நிறுத்தும் ஃபார்மலினைப் போடத் தாமதித்தேனா? வருகிற வழியில் செரித்துவிட்டதா? டீச்சரிடம் எந்த முகத்தோடு போவேன்?

அக்டோபர் 7

இந்தமுறை மீன் வலையிலிருந்து வந்ததுமே வயிற்றில் ஃபார்மலின் ஊசி போட்டுக் கொண்டுவந்தேன். அப்போதும் காலி!

என் பிழையில்லை. குடலை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வயிறு முட்டச் சினை. முட்டையிடக் கடலுக்குப் புறப்படும் மடவை தின்பதையே நிறுத்திவிடுகிறது. நான் விட்டுவிட்ட மாதத்தில்தான் இது இருந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அத்தை வாசலிலேயே நிற்கிறார்.

"என்னத்தத் தின்னிருக்குது?"

"ஒண்ணுமே தின்னலீங்க அத்தை."

"அடி ஆத்தா!" கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

டீச்சர் தீசிஸை டைப்புக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

ஐப்பசி பிறந்து முதல் மீன்குழம்பு இன்று. அடுப்பங்கரையில் இருந்தேன். வெளியே அத்தை, பக்கத்து வீட்டு நாச்சம்மாளிடம் வேலியோரம் நின்று ஊருக்கே கேட்கும்படி:

"நீயும் நானும் சனிக்கெழமைக்குச் சனிக்கெழமதான வெரதம் இருக்கறோம்? அந்த மீனு பொரட்டாசி பூராவும் இருக்குதாமா! எங்க மருமக கண்டுபுடிச்சிருக்கறா!"

சினையைப் பற்றி விளக்க வெளியே போகவில்லை. குழம்புக்குப் புளி கரைத்தேன்.