0-0-0 என்று எழுதிய மருந்துக் கவர்

மந்தைவெளி மருந்துக்கடைக்காரா,

நீ போன பிறகு உன் பழைய ரிவால்வரைத் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து வைத்திருந்தார்கள். லைசென்ஸ் உன் மகள் பெயருக்கு வந்ததும், அதை எடுத்துவர அவளோடு போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. ரிவால்வருக்குப் பக்கத்தில் உன் கடையின் பழுப்பு மருந்துக் கவர், அதற்குள் ஆறு தோட்டாக்கள். கவர் மேல் உன் கோழிக்கிறுக்கலில் 0-0-0.

"இன்னா மாமா இது? காலைலயும் வேணாம், மதியமும் வேணாம், ராத்திரியும் வேணாமா?" என்று உன் மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொள்ள வெளியே வந்துவிட்டேன்.

அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தெரியாது. உன் அப்பா காலத்திலிருந்து சுடாமலே கிடந்த ரிவால்வர் அது. உன்னை நச்சரித்து, அதன் வாய் அளவுக்கு ஏற்ற தோட்டா என்று நானே கடையில் கைகாட்டி, உன்னை வாங்கவைத்து, இருவரும் ரைபிள் கிளப்புக்குப் போயிருந்தோம். முதல் சூடு என்னுடையது என்று வேறு பேசி வைத்திருந்தேன். ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"பாரு மச்சி, அளவெடுத்துத் தெச்ச சட்டை மாரி கீது!"

"உள்ள போச்சுன்னா சரியாப்பூடுமா? என் கடைல கீற எல்லா மாத்திரையும்தான் தொண்டைக்குள்ள போவும். யாருக்கு எதுன்னு பாக்க வேணா? இது கரிமருந்து, அதான் பொகை கக்குற பழைய வெடிமருந்து, அந்தக் காலத்து இரும்புடா. இந்தத் தோட்டால கீறது புது மருந்து."

"புது மருந்துதான நல்லது? பழசாயிட்டா நீயே தூக்கிக் கடாசுவியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெடிமருந்தையும் இருமல் மருந்தையும் ஒரே அலமாரியில் அடுக்கிய அறிவாளி நான்.

நீ சிரிக்கவில்லை. "எம்பது வயசுக்காரருக்கு இருபது வயசுப் பையன் டோஸைக் குடுப்பனா? புதுசா பழசான்றது இல்லடா. தாங்குமா தாங்காதா, அதான்." ரிவால்வரை என் கையிலிருந்து வாங்கி, தோட்டாவை உருவினாய். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கவரில் ஆறையும் போட்டு, பேனாவால் மூன்று பூஜ்யம் எழுதினாய்.

எனக்கு வந்ததே கோபம். எல்லோர் முன்னாலும் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றேன்.

இரண்டு மாதம் பேச்சில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருமுனையிலேயே மருந்துக்கடை இருந்தும், பிரஷர் மாத்திரை வாங்குகிற சாக்கில் உன் கடைக்கு வந்தேன். சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுத்தாய். "இன்னாடா, எளைச்சுப் பூட்ட?" என்றாய். காபி குடித்தோம். ஆனால் அந்தச் சொல்லை நான் திரும்பப் பெறவே இல்லை. நீயும் கேட்கவில்லை. பல வருடம் சரியான தோட்டாவைத் தேடினாய். கிடைக்கவில்லை. உன் ரிவால்வரை ஒருமுறைகூடச் சுடாமலே போய்விட்டாய்.

"நாம சுடலாமா மாமா?" என்று உன் மகள் கேட்டபோது, பழைய நானாக இருந்தால் உடனே தலையாட்டியிருப்பேன். அந்தக் கடையில் துப்பாக்கி பழுது பார்க்கும் பாய் முதலில் பார்க்கட்டும் என்றேன். அவர் திருகாணிகளைக் கழற்றி, இரும்பில் பொறித்த முத்திரையை லென்ஸ் வைத்துப் படித்து, குழாயையும் தோட்டா போடும் உருளையையும் அளந்தார். கடைசியில் உன் கவரைத் தூக்கிக் காட்டினார்.

"சார், இது கரிமருந்துக்குன்னே பண்ணது. இந்த உருளையோட செவுரு எவ்ளோ மெல்லிசு பாருங்க. கவர்ல கீற தோட்டா உள்ள போவும். ஆனா அதோட அழுத்தம் தாங்காது. சுட்டிருந்தா உருளை பொளந்திருக்கும். புடிச்ச கை மிஞ்சியிருக்காது."

நான் என் வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்த ஆறு தோட்டாக்களையும் அழித்துவிடச் சொல்லிக் கடையிலேயே கொடுத்துவிட்டோம். கவர் என்னிடம் இருக்கிறது. இதற்கென்றே கரிமருந்து அடைத்து, குறைந்த அழுத்தத்தில் வெடிக்கும்படி செய்த தோட்டாவைக் கடைக்காரர் எங்கெங்கோ விசாரித்து வரவழைக்கச் சில வாரங்கள் ஆயின. பாய் ரிவால்வரைத் தாங்கியில் கட்டி, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுத்துச் சுட்டார். மறுபடி ஒவ்வொரு பாகமாகப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

போன ஞாயிறு காலை, அதே கிளப்பில், உன் மகள் சுட்டாள். என்ன புகை என்கிறாய்! இலக்கே தெரியவில்லை. அவள் இருமிக்கொண்டே பேனாவை எடுத்து, தோட்டாப் பொட்டலத்தின் மேல் 1-0-0 என்று எழுதினாள். உன் கிறுக்கல்தான் அவளுக்கும். "காலைல மட்டும் மாமா. ஒண்ணு போதும்."

அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி சொன்னேன்: "அவன் பயந்தாங்கொள்ளி இல்ல. நான்தான் அவசரக்குடுக்கை." நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறாள். முதல் சூடு எனக்காம். அதே வலது கையால்தான் இதை எழுதுகிறேன். ஐந்து விரலும் இருக்கின்றன.