நீ கேட்டுவிட்டுப் போன ஒப்பாரி

உன் மகள் பரணை ஒழித்தபோது தூக்கிப் போட இருந்த ஒயர் கூடையை இன்று நான் கேட்டு வாங்கி வந்தேன். டேப் ரெக்கார்டரைச் சுமந்து சுமந்து அதன் அடி தொங்கிப் போயிருக்கிறது.

நாட்டுப்பாட்டு சேகரிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று ஊரே கேட்ட காலத்தில், இந்தக் கூடையோடு டவுன் பஸ் ஏறித் திருப்பனந்தாள் பக்கமெல்லாம் அலைந்தவள் நீ. பேட்டரி வாங்கவும் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கவும் உன் தோழி நான்.

அங்கே ஒப்பாரிக்குப் பேர்போன அந்த அக்கா நினைவிருக்கிறாரா? சாவு விழாத வீட்டில் அதைப் பாடினால் ஆகாது என்று, நம்மை வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போய்ப் பாடினார். புருஷனுக்குப் பெண்டாட்டி பாடுவதைத்தான் நீ விடாப்பிடியாகக் கேட்டாய். அவர் கணவரோ வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

பதிந்ததைப் பாடியவருக்கே போட்டுக் காட்டாமல் நீ எழுத மாட்டாய். அதற்காக மறுபடி போனோம். கூடத்தில் கணவரும் வந்து உட்கார்ந்தார். நடவுப் பாட்டு என்று நினைத்து நீ பொத்தானை அழுத்த, கிளம்பியது ஒப்பாரி. அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். நிறுத்தும் பொத்தான் எது என்பதே உனக்கு மறந்துபோயிற்று. அந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் நம் தலையில்தானே விடியும்.

அவர் கையமர்த்திவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"எனக்காகவாடி இவ்வளவும் பாடுனே? ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்லையே" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பி, இன்னொரு தரம் போடச் சொன்னார்.

அடுத்த அறுவடைக்கு அவரே கல்லுக்குண்டாட்டம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நம்மை அழைத்துப் போனார். அதற்குப் பிறகுதான் உனக்குச் சோறு இறங்கியது.

போன ஆடியில், இனிச் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டபின் நீ கேட்டாய்: "எனக்குப் பாடுறத இப்பவே பாடிடுடி. அந்த மனுஷன் மாதிரி நானும் கேட்டுட்டுப் போறேன்."

கண்டபடி திட்டினேன். பிறகு ஆட்டோ வைத்து உன்னை நம்மூர் வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனேன். வீட்டில் பாடக் கூடாதே. 'ஒயர் கூடை தூக்கி ஊர் ஊராப் போனவளே' என்று ஆரம்பித்து, உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த அத்தனையையும் பாடித் தீர்த்தேன். நீ அழுதாய், சிரித்தாய், ராகம் தப்பு என்று திருத்தவும் செய்தாய்.

நீ போன அன்று எல்லாரும் கதறினார்கள். நான் உன் கால்மாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு மனசு லேசாக இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

நாளைக் காலையில் வாய்க்கால் பக்கம் ஒரு நடை போய்வரலாம் என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்கிறார். வாங்க, சொல்கிறேன் என்றிருக்கிறேன்.