என் கணவர் குனியாமல் நிற்கப் பாதுகாப்பு வேண்டி

அனுப்புநர்
மணியம்மாள், க/பெ. ஆதிகேசவன்,
காலனி, மேல்கரணைப்பாக்கம்,
கும்மிடிப்பூண்டி வழி, பொன்னேரி வட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
பொன்னேரி.

பொருள்: மாட்டுப் பொங்கலன்று என் கணவரைப் பலர் முன்னிலையில் காலில் விழச் சொல்லி மிரட்டுவது – பாதுகாப்பு கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடிசை மிராசுதார் திரு. துளசிராமன் அவர்களின் நிலத்தில் இருக்கிறது. அவர் எதிரில் வந்தால் காலனி ஆண்கள் செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, விரல் தரையில் படும்படி குனிந்து நிற்பது வழக்கம். என் கணவரும் விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படியே செய்து வந்தார்.

2. இப்போது அவர் ரயிலில் திருவொற்றியூர் போய் இரும்பு வார்ப்பட ஆலையில் வேலை செய்கிறார். ஐப்பசியில் பாரம் தூக்கும்போது வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டோடு குனிய முடியாது. சோற்றுத் தட்டைக்கூட நான்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன்.

3. கார்த்திகையில் ஒரு காலை ஏரிக்கரையில் மிராசுதார் எதிரே வந்துவிட்டார். ஒதுங்க இடமில்லை. என் கணவர் கைகூப்பி, நிமிர்ந்தபடியே நின்றார். அன்று மாலையே மிராசுதாரின் கணக்குப்பிள்ளை லோகநாதன் வந்து, சட்டையைத் தூக்கச் சொல்லி, கட்டு நிஜம்தானா என்று தட்டிப் பார்த்தார். கட்டுப் பிரித்ததும் மாட்டுப் பொங்கலன்று பண்ணை வாசலில் எல்லோரும் பார்க்க விழுந்து கும்பிட வேண்டும், இல்லையேல் குடிசையைக் காலி செய்ய வேண்டும், கிணற்றுப் பக்கமும் வரக்கூடாது என்று சொல்லிப் போனார்.

4. மறுநாள் நானே போய் மிராசுதார் காலில் விழுந்தேன். "நீ வுழுந்தா ஆச்சா? அவன் வரட்டும்" என்றார்.

5. வரும் புதன்கிழமை கட்டைப் பிரிக்கிறார்கள். ஐயா, என் பயம் முதுகைப் பற்றியது அல்ல. ஏரிக்கரையிலிருந்து வந்த அன்று என் கணவர் சொன்னது இது: "அவரு மூஞ்சிய இன்னிக்குத்தான் நேரா பார்த்தேன், மணி. நம்மள மாரிதான் கீறாரு. ஒரு கண்ணுல தண்ணி வந்துக்கினே இருக்குது. இனிமே கட்டு அவுத்தாலும் என்னால குனிய முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. பசிக்கிறது என்று சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம். அழுதும் பார்த்தேன், சண்டையும் போட்டேன்.

6. அவருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைக்கும்படி டாக்டரிடம் கெஞ்சினேன். எலும்பு கூடிவிட்டது, இனி வைத்தால் உடம்புக்குக் கெடுதல் என்று கண்டித்து அனுப்பிவிட்டார். பிறகு எங்கள் கிராம முன்சீபிடம் போனேன். ஒரு தடவை குனிந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். அதே கேள்வியைத்தான் நானும் வீட்டில் கேட்டிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உடம்பு கூசியது.

7. ஆகவே பொங்கலுக்கு முன்பாகத் தாங்கள் நேரில் வந்தோ ஆள் அனுப்பியோ, எங்கள் குடிசைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் இடையூறு செய்யாதபடி மிராசுதாரை எச்சரிக்க வேண்டுகிறேன். சமாதானம் பேசுவதாக இருந்தால், ஒரே ஒரு தடவை குனியச் சொல்லி முடித்துவிட வேண்டாம். என் கணவர் குனிய மாட்டார். நானும் இனி அவரைக் கேட்க மாட்டேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
மணியம்மாள் (ஒப்பம்)

இடம்: மேல்கரணைப்பாக்கம்
நாள்: 6-1-1973