போர்வையைத் தூக்காதே

ஹென்னிங்,

பவளத் தொட்டிமேல் போட்டிருக்கும் போர்வையைத் தூக்காதே. ஞாயிறு வரை விளக்கும் வேண்டாம். மீன்களுக்கு ஒன்றும் ஆகாது.

"நீ அள்ளிக் கொட்டுற தீனிதான் இத்தனைக்கும் காரணம்"னு நேற்று கத்தினாயே. மணலில் படர்ந்த அந்தப் பழுப்புக் கொழகொழப்பை நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சாதாரணப் பாசி இல்லை. தண்ணீரில் சத்தே இல்லாதபோது தலைதூக்கும் உயிரி அது; வெளிச்சம் இல்லாவிட்டால் அடங்கிவிடும், அதற்குத்தான் போர்வை. சோதித்தும் பார்த்தேன், நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம். ஓயாமல் தண்ணீரை மாற்றி, மணலை உறிஞ்சி, தொட்டியைப் பட்டினி போட்டது நீதான். அது தெரியாமல் மீன் வளர்ப்போர் சங்கம் முழுக்க என் கையைக் குறை சொல்லி வைத்திருக்கிறாய்.

சங்கத்துத் தலைவர் ஃபோல்கெர்ட் சாயங்காலம் வருவார். தன் தொட்டி மணலை ஒரு டப்பாவில் தருவார். அதிலுள்ள நல்ல உயிர்கள்தான் மருந்து, கழுவித் தொலைக்காதே. காரணம் யார் என்று அவரிடம் நீயே சொல். நான் சொன்னால் நன்றாக இருக்காது.

பயறு சூப் அடுப்பில் இருக்கிறது. நான் கீல் நகரில் அக்கா வீட்டில் இருப்பேன். ஞாயிறு வந்ததும் சேர்ந்து போர்வையை எடுப்போம்.

மாரென்

பி.கு. சண்டை வந்தாலே நீ தொட்டியைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாய். அதனால் வாளி, பஞ்சு, உறிஞ்சுகுழாய் எல்லாம் என் காரில் இருக்கின்றன. கை பரபரத்தால் எனக்கு ஃபோன் பண்ணு.