அடியில் கிடந்த மின்னஞ்சல்

உன் கணினியின் மூடியைக் கழற்றியதும் அந்தப் பழைய வாசனை எழுந்தது: சூடேறிய தூசியும் பஞ்சும் கலந்த வாசனை. ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்து வீடு உன்னுடையது. எதைத் திறந்தாலும் உள்ளே பஞ்சு இருக்கும். நாணயம் போன்ற அந்தச் சின்ன பேட்டரியும் துருப்பிடித்து அப்படியே இருந்தது. கடைசிவரை நீ அதை மாற்றவேயில்லை.

போன வாரம் உன் மனைவி இதைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, என் கடைக்குக் கொண்டுவந்தார். "அவிய மெயில் எல்லாம் தேதி வரிசையா வேணும்ணே, மகளுக்கு. அவன்ட்டக் குடு, அவந்தான் சரியாப் பாப்பான்னு சொல்லிட்டுத்தான் போனாவ" என்றார். உன் சாவுக்கு நான் வராததைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பேட்டரி செத்துப்போனதால் ஒவ்வொரு முறை போடும்போதும் உன் கணினி 1980 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். காலையில் மில் சங்கு ஊதும்போது தேதியையும் நேரத்தையும் நீ கையால் அடிப்பாய். மாற்றித்தொலை என்றால், "சங்கு இருக்கும்போது பேட்டரி எதுக்குலே?" என்பாய். சங்கு ஊதாத விடுமுறை நாளில் மறந்துவிடுவாய். அன்றைக்கு நீ அனுப்புவதெல்லாம் நாம் பள்ளிக்கூடம் போகாத காலத்துத் தேதியோடு கிளம்பும்.

அவற்றைத்தான் இப்போது சரிசெய்கிறேன். அனுப்பியவன் கணினி போட்ட தேதியை நம்பக் கூடாது. வழியில் ஒவ்வொரு சர்வரும் தபால் முத்திரைபோலத் தன் நேரத்தைக் குத்தியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் முன்னும் பின்னும் உள்ள பதில்களை வைத்து ஊகித்து, ஊகம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பழைய தேதியை அழிக்கக் கூடாது. எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். "தெரியலன்னா தெரியலன்னு போடு. நீயா ஒண்ண அடிச்சு விடாத."

அந்த 1980 கூட்டத்தில் எனக்கு எழுதியது ஒன்று கிடந்தது. "அம்மாவுக்கு நெஞ்சுவலி. மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு நீயே கடையத் தொறந்திரு. வந்து பேசுதேன்." அனுப்பியவனிடம் இருக்கும் பிரதியில் முத்திரை இருக்காது. என் பழைய மின்னஞ்சல்களைப் பதிந்துவைத்த குறுந்தகட்டை எடுத்துத் தேடினேன். என் அஞ்சல் பெட்டியிலும் இருந்தது, திறக்கப்படாமல். தேதி 1980 என்பதால் எல்லாவற்றுக்கும் அடியில் போயிருந்தது. முத்திரை காட்டிய நாள் ஆண்டாள் தேரோட்டம். மில்லுக்கு விடுமுறை.

மறுநாள்தான் நாம் இருவரும் சேர்ந்து இந்தக் கடையைத் திறப்பதாக இருந்தது. வந்தவர்களுக்கு லட்டு கொடுத்துக்கொண்டே மதியம்வரை வாசலைப் பார்த்தேன். நான்காம் நாள் வந்தாய். "மெயில் போட்டேனேலே" என்றாய். பெட்டியைத் திறந்து காட்டினேன். மேலே எதுவும் இல்லை.

"பொய் சொல்ல ஒனக்கு வேற ஆளு கெடைக்கலையா?"

"அடியில பாரு" என்றாய்.

நான் திரையை அணைத்தேன். நீ பஸ் ஏறப் போனாய். அதோடு சரி.

ஒரு போன் போட்டிருக்கலாம் நீ. அதை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் பக்கத்து ஊர் கிருஷ்ணன்கோவில்வரை போய் உன்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லித்திரிந்தவன் நான். உன் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே அரைமணி நேர பஸ்தான். இத்தனை வருடத்தில் ஒருமுறை ஏறியிருக்கலாம்.

உன் மகளுக்கான வரிசையில் அந்த மின்னஞ்சலை அதன் உண்மையான நாளில் வைத்துவிட்டேன். பழைய தேதியையும் பக்கத்திலேயே விட்டிருக்கிறேன். அதற்கு அடுத்தது என் பதில் இருந்திருக்க வேண்டிய இடம். நானாக ஒன்றை அங்கே அடித்து விடவில்லை.

இப்போதெல்லாம் யாருடைய பெட்டியைத் திறந்தாலும் முதலில் அடிக்குத்தான் போகிறேன். அங்கே ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகே மேலே வருகிறேன்.