நாடா வைத்த பாவாடை

அன்புள்ள அப்பாவுக்கு, மூத்தவள் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? தையல்கடையில் வேலை எப்படி?

நம் வாலுவுக்குப் போன மாதம் கால் முழுக்கச் செம்புள்ளிகள். கொசுக்கடி என்றிருந்தோம். ரத்தக்குழாய் அழற்சி என்றார் டாக்டர்; குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே போய்விடுமாம். இவளுக்குப் போகவில்லை. குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொண்டு ஒரு பகுதி கறுத்துவிட்டது. வெட்டித் தைத்தார்கள். தையல் கசிந்ததால் மறுபடியும் வயிற்றைத் திறந்து, குடலின் முனையை வெளியே எடுத்து வைத்தார்கள். பயப்படாதீர்கள், இப்போது காய்ச்சல் இல்லை. மலம் வயிற்றில் ஒட்டிய பையில் இறங்குகிறது. சில மாதம் கழித்துக் குடலைச் சேர்த்துவிடுவார்களாம்.

"தாத்தாகிட்ட சொல்லிடாதம்மா, அழுதுடுவாரு" என்கிறாள். ஃபோனில் அவளிடம் எதுவும் கேட்காதீர்கள்.

உங்கள் கையால் இரண்டு பாவாடை தைத்து அனுப்புங்கள். எலாஸ்டிக் பையை அழுத்துகிறது. மார்புக்குக் கீழே கட்டும்படி நாடா வையுங்கள். பழைய அளவு வேண்டாம், பாதியாகிவிட்டாள்.

உங்கள் மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிவிட்டார். இந்த ஊர் வார்டில் இவள் தூங்கிவிட்டால் எனக்குத் தமிழ் பேச ஆளில்லை.

நர்ஸ் கூப்பிடுகிறார். இன்றுமுதல் பையை நான்தான் மாற்ற வேண்டும். நேற்று பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ கண்ண மூடிக்கம்மா, நானே பிடிச்சுக்கறேன்" என்றாள், அப்பா.

உங்கள் மகள்